சிறார் கொடுமையும் பள்ளியின் கடமையும்

பள்ளியில் வலிய சிறுவன் மெலியானை நாடோறும் எள்ளியும் அடித்தும் நலிவது என்னை? ஆணவம் செம்பிற் களிம்புபோல் உயிரோடு உடனாயுள்ளது. சிறாரும் அதனின் நீங்கியவரல்லர். உயிரோ சார்ந்ததன் வண்ணமாந் தன்மையது. ஆதலின் சூழநிற்போர் நகைப்பே அக்கொடுமைக்கு நெய்யாகின்றது.

நலிவுறுவோன் தன் வினைப்பயனை நுகர்கின்றான் என்று வாளாவிருத்தல் தகுமோ எனின், தகாது. பிராரத்தம் அவனதேயாயினும், நலிவோனுக்கும் கண்டு வாளாவிருப்போர்க்கும் அஃது ஆகாமியமாய் ஏறும்.

இறைவன் ஒறுத்தலும் மறக்கருணையாதலின் ஆசிரியர் பிரம்பெடுத்தலும் அன்னதே எனின், அற்றன்று. இறைவன் மலமிலன், பக்குவமறிந்து ஒறுப்பன். ஆசிரியரோ மலமுடையார், அவர் சினந்து ஓங்கும் பிரம்பு, வலிமையே நீதியென்னும் பாடத்தையே மீட்டுங் கற்பிக்கும். 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டமும் உடற்றண்டனையை விலக்கிற்று.

பின் செயற்பாலது யாது? களிம்பை அறவே நீக்குதல் திருவருட்கே உரித்து. சார்பை மாற்றுதல் மாந்தர்க்கும் இயலும். நார்வே அரசு 1983-இல் நாடளாவத் தொடங்கிய முயற்சியை ஒட்டி ஆல்வீயசு என்னும் அறிஞர் வகுத்த முறையும் இதுவே: இடைவேளையில் ஆசிரியர் கண்காணிப்பு, வகுப்பில் தெளிந்த விதி, நலிவோனோடும் பெற்றோரோடும் உரையாடல்.

ஆகவே மெலியானைக் காத்தலும், தீச்செயலைக் கண்டித்து, செய்தானைத் தள்ளாது நற்சார்பிற் சேர்த்தலுமே பள்ளியின் கடனாம். களிம்புண்மை கண்டு செம்பை எறிவார் இலர்.