ஒளிக்கும் ஓரவஞ்சனை உண்டோ?

நெஞ்சிற் பகையில்லாமல் விளைந்த தீங்கை அநீதி என்று கூறலாகுமா? இவ்வினாவை இன்று நம்முன் நிறுத்தியிருப்பது விரல் நுனியில் மாட்டும் ஒரு சிறு கருவி.

இரத்தத்திலுள்ள பிராணவாயுவை ஒளியால் அளப்பது அக்கருவி. பிராணவாயு நிறைந்த இரத்தம் சிவப்பொளியைப் பெரும்பாலும் போகவிடும். குறைந்த இரத்தம் விழுங்கிவிடும். 2016-ஆம் ஆண்டில் டோக்கியோ பல்கலைக்கழகத்துத் தக்காவோ சோமேயா குழுவினர், ஒரு மில்லிமீட்டரை ஆயிரங் கூறிட்டால் அதில் 3 கூறே கனமுள்ள வளையும் ஏட்டில் விளக்கையும் ஒளியுணரியையும் அமைத்து, தோலில் ஒட்டி இவ்வளவையை எடுத்துக் காட்டினர். வியக்கத்தக்க வித்தைதான்!

ஆயினும், ஏடு எவ்வளவு மெலிதாயினும் ஒளி தோலைக் கடந்தன்றோ இரத்தத்தை அடைய வேண்டும்? தோலுக்குக் கருமை தரும் மெலனினும் ஒளியை விழுங்குவதே. விரற் கருவிகளைப் பற்றி அமெரிக்க மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020-இல் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டனர். கருவி நூற்றுக்கு 92 முதல் 96 வரை காட்டிய வேளைகளில், மெய்யான அளவு 88-க்குங் கீழே இறங்கியிருந்தது வெள்ளையரிடம் நூற்றுக்கு 3.6 தடவை; கறுப்பரிடம் 11.7 தடவை. மூச்சுத் திணறுகிறவனைப் பார்த்து, "உனக்கொன்றுமில்லை" என்று கருவி சொல்லிவிட்டால், அவன் யாரிடம் முறையிடுவான்? கருத்த மேனியராகிய நமக்கு இஃது அயலார் கதையன்று.

ஒளி நிறவெறி அறியாது என்பர் சிலர். மெய்தான். தோட்டத்தில் பால் நிறுக்கும் தராசு ஒருபுறம் சாய்ந்திருந்தால், இரும்புக்கு வஞ்சகமில்லை என்று மரஞ் சீவும் தொழிலாளி சமாதானம் அடைவாரா? இத்தராசைச் சோதித்தவர் யார், எந்த எடைக்கல்லை வைத்துச் சோதித்தார் என்றல்லவா கேட்பார்!

இக்கருவிக்கு வைத்த எடைக்கல்லையும் கேளுங்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தார் 2013-இல் கூறியபடி, 10 பேரைக் கொண்டு சோதிக்கலாம். அவர்களுள் கருத்த மேனியர் 2 பேர் இருந்தாற் போதும். இதை எழுதியவர் எவரையும் வெறுத்திருக்க வேண்டியதில்லை. 'போதும்' என்று எண்ணினார், அவ்வளவே. நமது அபிப்பிராயத்தில் குற்றம் அந்தப் 'போதும்' என்பதிலேயே குடியிருக்கிறது.

2025 ஜனவரியில் வெளியிட்ட புதிய வரைவில், பல நிறத்தாருமாக 150 பேரேனும் வேண்டும் என்றனர். பழைய விதியில் தேறிய கருவிகளோ ஆஸ்பத்திரிகளில் இன்னும் விரல்களைப் பற்றிக் கொண்டிருக்கின்றன.