குறையும் பொய்யும்

குறையுள்ள கலை பொய்க்கலை ஆகுமா?

1982ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 'போர்டிங்ஹவுஸ்' என்னும் பேய்ப்படம், படச்சுருளின்றி வீடியோவிலேயே எடுக்கப்பட்டது. சிறுமுதலில் பேய் காட்டும் கலையை நம்மவர்க்கு அதற்கு முன்னரே அறிமுகம் செய்தவர் விட்டலாச்சார்யா. அவர் 1978இல் தெலுங்கில் எடுத்த 'ஜகன்மோகினி'யின் தமிழ் வடிவை, பிரிக்பீல்ட்ஸ் கடையொன்றில் வாடகைக்கு எடுத்த நாடாவில் சிறுவனாகக் கண்டேன். விறகுக்கு மாற்றாகத் தன் காலையே அடுப்பில் வைத்தது பேய். தந்திரம் என்று தெரிந்தும் அஞ்சினேன். ஏன்? படைத்தவர் பாதி காட்டினார். மீதியை என் கற்பனை நிரப்பிற்று. மறைக்கப்படும் குறையே பொய். வெளிப்பட நிற்கும் குறையோ காண்பவனைத் துணைக்கு அழைக்கிறது.

இவ்வுண்மையை நான் அன்று உணரவில்லை. கிள்ளானில் நண்பனொருவன் இரவல் கேமராவில் பேய்ப்படம் எடுத்துக் காட்டினான். பேயின் கையில் கைக்கடிகாரம்! எல்லாரினும் உரக்கச் சிரித்தவன் நானே. அவன் மீண்டும் கேமராவைத் தொடவில்லை.

மாணவர் கட்டுரைகளைத் திருத்தும்போதெல்லாம் அக்கடிகாரம் என் நினைவில் எழுகிறது. பிழையைச் சுட்டுதல் ஆசிரியர் கடமை. முயன்றவனை எள்ளுதல் அன்று. சிவப்பு மை தொடுமுன், அப்பிள்ளை நமக்குக் காட்ட விழைந்தது யாதென ஒருகணம் நோக்குவோமாக.