மருந்தும் ஓர் அமானிதமே

 

காய்ச்சல் வந்தால் நம்மில் பலர் நேரே மெடிக்கலுக்குப் போய் ஆன்டிபயாடிக் வாங்குகிறோம். உடம்பு லேசானதும் நிறுத்திவிடுகிறோம். மீதியைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை இருமினால், உதவி என்று நினைத்துக் கொடுக்கிறோம். "என் காசு, என் உடம்பு, இதில் என்ன பாவம்?" என்று கேட்பவர்களும் உண்டு.

நபி (ஸல்) அவர்கள் சொன்ன கப்பல் உவமையை நினைத்துப் பாருங்கள். கீழ்த்தளத்தில் இருப்பவர்கள், தண்ணீருக்காக மேலே உள்ளவர்களைச் சிரமப்படுத்த வேண்டாம் என்று தங்கள் பகுதியிலேயே துளையிட நினைக்கிறார்கள். நிய்யத் நல்லதுதான். ஆனால் தடுக்காவிட்டால் அனைவரும் மூழ்குவார்கள்.

ஆன்டிபயாடிக் விஷயமும் அப்படித்தான். அமாக்ஸிசிலின் போன்ற மருந்து, பாக்டீரியா தன்னைச் சுற்றிச் சுவர் கட்டவிடாமல் தடுக்கிறது. சுவர் பலவீனமாகி அது வெடித்துச் சாகிறது. மனித செல்லுக்கு அந்தச் சுவர் இல்லாததால் நம் செல்களை அது தாக்குவதில்லை. சளி, ஃப்ளூ வைரஸ்களுக்கும் அந்தச் சுவர் இல்லை. அங்கே இந்த மருந்துக்கு வேலையே இல்லை. தேவையில்லாமலும் அரைகுறையாகவும் சாப்பிட்டால், மருந்தைத் தாங்கும் கிருமிகள் பிழைத்துப் பெருகும். அவை நம்மோடு நிற்காமல் வீட்டாருக்கும் மஹல்லாவுக்கும் பரவும்.

1928-இல் பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945-இல் தம் நோபல் உரையில் ஓர் உதாரணம் சொன்னார். தொண்டை வலிக்கு ஒருவர் தானாகவே பெனிசிலின் வாங்கிக் குறைவாகச் சாப்பிடுகிறார். மருந்துக்குப் பழகிய கிருமி மனைவிக்குத் தொற்றுகிறது. அவருக்கு மருந்து பலிக்காமல் இறந்துபோகிறார். அந்த மரணத்துக்குப் பொறுப்பு கணவரே என்றார் ஃபிளெமிங். அந்தக் கணவருக்காவது விஷயம் தெரியாது. கேட்டுக்கொண்டிருக்கும் நமக்கு அந்தச் சாக்கும் இல்லை.

ஆகவே, மருத்துவர் எழுதித் தராமல் வாங்காதீர்கள். சொன்ன அளவில், சொன்ன நேரத்தில், சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள். முன்பு பெனிசிலின் ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். மீதியை யாருக்கும் கொடுக்காதீர்கள். ரமலானில் பகல் வேளை மாத்திரையை நீங்களாகவே விட்டுவிடாதீர்கள், மருத்துவரிடம் கேளுங்கள். நோயாளி நோன்பைப் பின்னர் நோற்க அல்லாஹ் சலுகை தந்திருக்கிறான்.

நம் பேரப்பிள்ளைகளுக்கும் பலிக்க வேண்டிய மருந்து இது. நம் கையில் இருக்கும் அமானிதம். அதைப் பேணுகிற நல்லடியார்களாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக! ஆமீன்.