மங்கிய நிறமும் மடலின் விலையும்

கறுப்பையும் வெள்ளையையும் கலந்தால்தான் சாம்பல் நிறம் வரும் என்று எண்ணுவோர் பலர். நீர்வர்ணத்தில் கைதேர்ந்தோர் நீலத்தோடு செங்காவியைச் சேர்ப்பர். எதிரெதிரான அவ்விரு நிறங்களும் நீரில் கலந்து அடங்கும்போது மென்சாம்பல் பிறக்கிறது. காவி சற்று மிகுந்தால் ஈரமணல். நீலம் மிகுந்தால் மழைமேகம். நடுநிலை நிறம் என்பது நிறமின்மை அன்று.

புதுக்குடியிருப்பில் இந்நிறங்களைத் தேடி அலைய வேண்டுவதில்லை. மணலும், காய்ந்த பனையோலையும், நந்திக்கடலின் கலங்கல் நீரும் கண்முன்னே கிடக்கின்றன. 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மருத்துவமனைகூட எறிகணைக்குத் தப்பாத ஊர் அது. அவ்வூர்ப் பெண்ணொருத்தி கையால் வாழ்த்து மடல் செய்து விற்க முற்படுகிறாள் என்று கொள்வோம். வாங்குவோர் கொழும்பிலும் கடல் கடந்தும் இருப்பர். 'போரில் கணவனை இழந்தவர் செய்தது' என்று மடலின் பின்புறத்தில் அச்சிட்டால் விற்பனை பெருகும் என்பார் ஒரு நல்லெண்ணக்காரர். இந்த யோசனை அறமாகுமா?

விற்பனை பெருகும், அதில் ஐயமில்லை. ஆனால் அப்போது வாங்குபவர் சித்திரத்துக்கு விலை கொடுக்கவில்லை. தமது இரக்கத்துக்குப் பற்றுச்சீட்டுப் பெறுகிறார். அடுத்த ஆண்டு வேறொரு நாட்டில் வேறொரு துயரம் நேர்ந்தால் அவ்விரக்கம் அங்கே போய்விடும். இவள் அடுப்போ இங்கேதான் எரியவேண்டும்.

யுனிசெப் நிறுவனத்தின் முதல் வாழ்த்து மடலை எண்ணிப் பாருங்கள். போரில் நலிந்த செக்கோஸ்லவாக்கியாவில், ஜிட்கா சாம்கோவா என்ற ஏழு வயதுச் சிறுமி, பெற்ற உதவிக்கு நன்றியாக வரைந்த சித்திரம் அது, 1949இல் மடலாயிற்று. கடதாசி கிடைக்காமையால் கண்ணாடியில் வரைந்தாள். கம்பத்தைச் சுற்றி ஆடும் சிறுவர்களையே தீட்டினாள். இடிந்த வீடுகளை அல்ல. வாழ்த்தியவள் அவள், வாழ்த்தப்பட்டோர் உதவியவர்கள்!

கைகளை இயக்க இயலாத எரிக் ஸ்டெக்மன், வாயாலும் காலாலும் வரையும் ஓவியர்களை 1956இல் சங்கமாகத் திரட்டினார். தருமம் வேண்டாம், படைப்புக்கு விலை வேண்டும் என்பதே அவர்கள் கொள்கை. சங்கத்தின் பெயரே உடற்குறையை விளம்பரப்படுத்துகிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆயினும் அதைச் சொல்வதெனத் தீர்மானித்தவர்கள் வரைந்தவர்களே.

புதுக்குடியிருப்புப் பெண்ணும் தன் துயரைச் சொல்ல விரும்பினால் சொல்லட்டும். இல்லையேல் பெயரை மட்டும் எழுதட்டும். நிறத்தின் விஷயமும் இதுவே. கணவனை இழந்தவளுக்குச் சாம்பலே பொருத்தம் என்று விதிக்க நாம் யார்? பொங்கல் மடலுக்கு அவள் மஞ்சளும் சிவப்பும் கேட்டால் வர்ணப்பெட்டியில் அவை இருக்கவேண்டும். மடலின் விலையில் கடதாசிக்கும் தூரிகைக்கும் மட்டுமன்றி, ஒரு பூச்சு உலரும்வரை அவள் காத்திருக்கும் நேரத்துக்கும் கணக்கு இருக்கவேண்டும்.