குழலின் நீளம்

தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்ததற்கு உடன்படுதல் என்னும் மூன்று வழியாலும் ஹிம்சையின் வினை ஒருவனைப் பற்றும் என்று யோக சூத்திரமும் சமணமும் கூறுகின்றன. ஆனால் ஒரு கருவியைச் செய்து விலைக்குக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்பவன் இம்மூவரில் யார் என்ற கேள்வி, 1796-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஒரு மனிதரைச் சூழ்ந்து எழுந்தது. சாமுவேல் கால்ட்டன் என்ற அவர் குவேக்கர் என்னும் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர். யுத்தம் எக்காரணம் பற்றியும் ஆகாது என்பதை 1661 முதல் விரதமாகவே காத்துவந்த அந்தச் சபையில் இருந்துகொண்டே, தகப்பனார் வழி வந்த துப்பாக்கித் தொழிலை நடத்தியவர். பிரான்சுடன் போர் மூண்டிருந்த அந்நாட்களில் சபையார் அவரிடம் விளக்கம் கேட்டனர்.

அவர் சொன்ன விடை அற்பமானதன்று. தொழில் தாம் நாடிப் பெற்றதன்று, பரம்பரையாக வந்தது என்றார். வாற்கோதுமை விதைப்பவன் குடிகாரனுடைய குற்றத்துக்குப் பொறுப்பாவானோ என்றார். போருக்கு வரி செலுத்திக்கொண்டும், அடிமைகளின் உழைப்பில் விளைந்த சர்க்கரையை உண்டுகொண்டும் இருப்பவர்கள் தம்மை மட்டும் விலக்குவது நியாயந்தானா என்றார். புலால் மறுத்தலைக் கூறவந்த வள்ளுவரும் உண்பவனைத்தானே முதலில் நிறுத்திக் கேட்கிறார்! உண்பவனும் பொறுப்பல்லவா என்ற கேள்வி இங்கிலாந்தில் பலரைச் சுட்டதனாலேயே, 1791 முதல் அநேகக் குடும்பங்கள் மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரையைத் துறந்திருந்தன.

எனினும் வாற்கோதுமையைப் பற்றிய வாதத்துக்கு மறுப்பு அவருடைய பட்டறையிலேயே கிடந்தது என்பது என் அபிப்பிராயம். சக்கிமுக்கித் துப்பாக்கியின் தத்துவம் எங்கும் ஒன்றே: குதிரை எனப்படும் சுத்தியின் வாயில் தோல் சுற்றி இறுக்கிய கல், விசையை இழுத்தவுடன் பாய்ந்து எஃகுத் தகட்டை உரசுகிறது; தகடு முன்னே சாய்ந்து விலக, கீழேயுள்ள சிறு கிண்ணியில் தூவிய மருந்தின் மேல் தீப்பொறி விழுகிறது; பற்றிய நெருப்பு குழலின் பக்கத்திலுள்ள ஊசித்துளை வழியே உள்ளே புகுகிறது. இந்த ஒரே நெருப்பு தேசத்துக்கு ஓர் உடல் எடுத்தது. ஸ்பெயினில் துப்பாக்கியின் பெரிய விசைவில்லை விசைத்தட்டின் வெளிப்புறத்தில் அமைத்தார்கள். பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள், காட்டில் ஈயமும் மருந்தும் அருமையாதலால், குழலை நீட்டி அதன் வாயைக் குறுக்கினார்கள். ஆப்கானியரின் ஜெசாயில் வளைந்த அடிக்கட்டையும் மிக நீண்ட குழலும் உடையது. அவற்றுள் பல, கிழக்கிந்தியக் கும்பெனியாரின் துப்பாக்கிகளிலிருந்து கழற்றிய விசைத்தட்டைப் பூட்டிக்கொண்டவை. அந்தக் கும்பெனியாருக்கென்றே, பிரிட்டிஷ் படையில் 46 அங்குலமாயிருந்து பின் 42 ஆகிய குழல் 39 ஆகக் குறைக்கப்பட்டது. ‘இந்திய மாதிரி’ என்ற பெயரோடு அதையே பிரிட்டிஷ் ராணுவமும் பிறகு ஏற்றுக்கொண்டது.

பர்மிங்காமிலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்றவை, அங்கோலாத் துப்பாக்கி, போனித் துப்பாக்கி என்று, இறங்கும் கரையின் பெயராலேயே வழங்கின. அக்கரைகளில் துப்பாக்கியைக் கொடுத்து மனிதர்களை வாங்கினார்கள். ஒரு கரையார் விரும்பிய மாதிரியை மற்றொரு கரையார் தொடமாட்டார்கள்; ஆகவே குழலை அறுப்பதற்கு முன்பே, அது எந்தக் கடற்கரையில், எந்த வியாபாரத்துக்காக, எவர் கைக்குப் போகிறது என்பதைச் செய்பவன் தெரிந்துகொண்டே தீரவேண்டும். வாற்கோதுமை விதைப்பவன் எந்தக் குடிகாரனையும் அளவெடுத்து விதைப்பதில்லை. துப்பாக்கி செய்பவனோ, வாங்குபவனுடைய தேவையை அங்குலக் கணக்கில் தன் மரத்திலும் இரும்பிலும் எழுதிவிடுகிறான்; அந்த அறிவே அவனை உடன்பட்டவனாக்குகிறது. கலப்பையையும் அரிவாளையும் அடிக்கும் கொல்லனுக்கு இப்பழி சாராது என்று நான் நம்புவதற்கும் இதுவே காரணம்.

1796-இல் சபையார் கால்ட்டனை விலக்கினார்கள். விலக்கப்பட்ட பின்பும் அவர் வழிபாட்டுக்குச் சென்றுவந்தார். பாட்டும் பூசையும் இன்றி, எல்லோரும் ஒரே அறையில் மௌனமாக அமர்ந்திருப்பதே அந்தச் சபையின் வழிபாடாயிருந்தது.