கொஞ்சம் தொளதொளவென்று

ஊட்டிக்குப் போய் ஸ்வெட்டர் வாங்கும்போது நாம் ஒரு அளவு பெரிதாகவே வாங்குவோம். பிள்ளைக்கு என்றால் வளர்கிற உடம்பு. பெரியவர்களுக்கு என்றால் உள்ளே சட்டை போட இடம் வேண்டும். வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்ற பிறகுதான் தோள்பட்டைத் தையல் பாதிக் கைக்கு இறங்கியிருப்பது தெரியும்.

சட்டையாக இருந்தால் தையல்காரரிடம் கொடுத்துவிடலாம். அவர் பக்கவாட்டில் பிடித்துத் தைத்து, மிச்சத் துணியை உள்ளேயே விட்டுவைப்பார். உடம்பு போட்டால் பிரித்துக்கொள்ளலாம். பின்னிய கம்பளியை அப்படிச் செய்வது கஷ்டம், வெட்டினால் கண்ணி அவிழும். என் ஸ்வெட்டரைப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, "சுடுதண்ணில போட்டு நல்லா கசக்கி எடும்மா, கச்சிதமா வந்துரும்" என்றார். அவர் சொன்னதில் அறிவியல் பிழை எதுவும் இல்லை. ஆனாலும் நான் இன்னும் செய்யவில்லை.

கம்பளி இழையை நுண்ணோக்கியில் பார்த்தால் மேலெல்லாம் செதில்கள், எல்லாமே நுனியைப் பார்த்தபடி. ஈரமும் சூடும் சோப்பும் சேர்ந்தால் இழை உப்பி நெகிழும். அந்த நேரம் கசக்கினால் ஒவ்வொரு இழையும் வேர்ப்பக்கமாக நகர்ந்து அடுத்த இழைகளுக்குள் புகுந்துகொள்ளும். திரும்பி வரச் செதில்கள் விடாது. சூடு இந்த வேலைக்குத் துணை மட்டும்தான், சுருக்குவது கசக்கல். அசையாமல் வெதுவெதுப்பான நீரில் கிடந்த ஸ்வெட்டர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும், சலவை இயந்திரத்தில் சுடுநீரோடு சுழன்றது பொம்மைக்குத்தான் ஆகும். (மலைக் கடைவீதியில் கம்பளி என்று விற்பதில் பல அக்ரிலிக். அதை எவ்வளவு கசக்கினாலும் இப்படி இறுகாது.)

இதையே தொழிலாகச் செய்தவர்கள் உண்டு. பிரான்சின் பெயார்ன் பகுதியில் பெரே தொப்பியைத் தலைக்கு ஒவ்வாத அளவில் பெரிதாகப் பின்னி, பிறகு நீரில் அடித்துச் சுருக்குவார்கள். ஆஸ்திரியாவின் டாக்ஸ்டைன் கையுறையும் அப்படித்தான்; மலையேறுகிறவர்கள் விரும்பி வாங்குவது. ஸ்காட்லாந்தின் ஹெப்ரிடீஸ் தீவுகளில் பெண்கள் பலகையைச் சுற்றி உட்கார்ந்து, நாள்பட்ட சிறுநீரில் நனைத்த கம்பளித் துணியைப் பாட்டுக்கு ஏற்பத் தட்டித் தட்டி இறுக்கினார்கள். இவர்களுக்கெல்லாம் எவ்வளவு சுருங்கும் என்ற கணக்கு முதலிலேயே இருந்தது. சுருங்குவதற்கென்றே பெரிதாகச் செய்தார்கள். என் ஸ்வெட்டரைப் பின்னியவர் மனதில் அப்படி ஒரு எண்ணம் இல்லை.

கம்பளிக்கு இன்னொரு சுருக்கமும் உண்டு, அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. பின்னும்போது நூலை இழுத்துப் பிடித்தே பின்னுகிறார்கள். அந்த இழுப்பு துணிக்குள்ளேயே தங்கிவிடும். பிறகு நீரில் நனைத்து, தொங்கவிடாமல் தட்டையாக விரித்துப் போட்டால், நூல் அந்த இழுப்பை விட்டுவிட்டுத் தன் இயல்பான அளவுக்கு இறங்கும். செதில்கள் பின்னிக்கொள்வதில்லை, துணியின் மென்மையும் போவதில்லை.

மனிதர்களும் இந்த இரண்டு விதமாகச் சுருங்குகிறார்கள். ஓய்வு பெற்றபின் சங்கத் தலைவர் பதவி, சீட்டுக் கணக்கு, கல்யாண வீட்டு முன்வரிசை என்று ஒவ்வொன்றாக விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். "ஆளே ஒடுங்கிட்டாரு" என்று ஊர் பேசும். கிட்டப் போய்ப் பேசினால் முன்னைவிட நன்றாகச் சிரிப்பார்கள். இது இழுப்பை விட்டுவிடும் இரண்டாவது வகை.

கசக்கிச் சுருக்கும் முதல் வகையை நம் வீடுகளில் "அனுசரிச்சுப் போம்மா" என்று சொல்லித் தொடங்கிவைக்கிறோம். அதைக் கேட்கும் பெண்ணுக்குப் பெரிய கொடுமை எதுவும் நடந்திருக்காது. குரலைக் கொஞ்சம் குறை, அந்தத் தோழி எதற்கு, வேலையை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். தினம் கொஞ்சம் கசக்கல், அவ்வளவுதான். பல வருஷம் கழித்துப் பிள்ளைகள் ஹோட்டலுக்கு அழைத்துப்போய், "உனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டால், "எல்லாரும் சாப்பிடுறதே எனக்கும்" என்கிறாள். அடக்கமென்று நினைத்துக்கொள்கிறோம். தனக்கு என்ன பிடிக்கும் என்பது அவளுக்கே மறந்துபோயிருக்கலாம்.

இறுகிய கம்பளிக்கு மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. காற்று புகாது, வருஷக்கணக்கில் உழைக்கும். பொறுத்துப்போனவர்களை நாம் வாயாரப் புகழ்வதும் இதற்காகத்தான்: நமக்குக் குளிரவில்லை.

சுருங்கியதைக் கண்டிஷனரில் ஊறவைத்து இழுத்தால் பழையபடி ஆகும் என்பார்கள். கொஞ்சம் தளரும், கொஞ்சம் நீளும். பின்னிக்கொண்ட இழை பிரியாது. ஆகவே எந்தச் சுருக்கலுக்கும் முன்னால் நான் கேட்க விரும்புவது ஒன்றுதான்: இது யாருடைய அளவுக்கு? தொளதொளப்பு யாருக்கு இடைஞ்சல், போட்டுக்கொள்கிறவருக்கா, பார்க்கிறவருக்கா?

உங்களிடமும் அப்படி ஒரு ஸ்வெட்டர் இருந்தால், முதலில் குளிர்ந்த நீரில் நனையுங்கள். முறுக்காமல் துண்டில் சுருட்டி ஈரத்தை எடுத்து, நிழலில் விரித்துப்போட்டு, காய்ந்ததும் போட்டுப் பாருங்கள். சுடுதண்ணீர் எங்கேயும் போய்விடாது.