சூற்றாயின் பை

அற ஆராய்ச்சி பெரும்பொருள்களிலேயே நிகழ்தற்குரியதென்று கருதுவார் பலர். மக்கள் அன்றாடங் கையாளும் சிறுபொருள்களிடத்தும் அறத்தின் நுட்பம் விளங்குமென்பது எமது கருத்து. பிள்ளைப்பேற்றின்பொருட்டு வைத்தியசாலைக்குச் செல்லும் ஒரு பெண் தன்னோடு கொண்டுசெல்லும் பை அத்தகையதொரு பொருளாம். அவள் தனக்கென்றன்றிப் பிறர்க்கென்று சூல் தாங்கியவளாயின், அப்பையினுள் எவற்றை வைப்பாள், எவற்றை வையாள் என்று நோக்குமிடத்து, தாய்மை யாது, ஈகை யாது, கூலி யாது என்னும் மூன்று வினாக்களும் ஒருங்கே எழுகின்றன. அவற்றை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் விடயத்தை விளக்குவாம். 1978ஆம் ஆண்டு யூலை மாதத்தில், இங்கிலாந்திலே ஓல்டம் என்னும் நகரில், உடம்பிற்குப் புறத்தே கருக்கூட்டப்பட்ட முதற் குழந்தை பிறந்தது. ஒருத்தியின் கருமுட்டையைப் புறத்தே கருவாக்கி அவள் வயிற்றிலே வைத்தல் கூடுமாயின், மற்றொருத்தி வயிற்றிலே வைத்தலுங் கூடுமன்றோ? 1980களின் நடுப்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவிலே அதுவுஞ் செய்யப்பட்டது. கருப்பை இல்லாதார், நோயினாற் சூல் தாங்கமாட்டாதார் முதலியோர்பொருட்டு வேறொருத்தி கருவைத் தாங்கிப் பெற்று, அவர் கையிற் கொடுத்துவிடுதலே இம்முறையாம்.

அவளை ஆங்கிலர் 'சரோகேட்' என்பர். ஒருவர்க்குப் பதிலாக நிறுத்தப்பட்டவர் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லினின்றும் பிறந்தது அது. நம்மவர் பத்திரிகைகளோ 'வாடகைத் தாய்' என்று எழுதுகின்றன. வாடகை வீட்டிற்கும் வண்டிக்கும் உரியது. உயிர்ப்பும் உணர்வும் உடையாளுக்கு அது பொருந்துமோ? நற்றாய், செவிலித்தாய், முலைத்தாய், கைத்தாய் என்று தாயரைப் பலவாறு பகுத்தறிந்து பெயரிட்ட மொழி நமது மொழி. அம்முறை பற்றிச் சூல் தாங்கினவளைச் சூற்றாய் என இக்கட்டுரையில் வழங்குவாம். பிள்ளையை ஏற்று வளர்ப்பாரைக் கொள்வோர் என்பாம்.

இனி, பையைத் திறந்து பார்ப்பாம். கலிபோர்ணியா நாட்டுச் சூற்றாய் ஒருத்தி ஏறக்குறைய முப்பத்தாறாம் வாரத்திலே தன் பையை ஆயத்தஞ் செய்கின்றாள்; வயிற்றில் இருப்பன இரட்டைப் பிள்ளைகளாயின் இன்னும் முந்திச் செய்வாள். தளர்ந்த இரவுடை, காலுறை, துவாய், சவர்க்காரம், பற்றூரிகை, பேற்றின்பின் உண்டாகும் உதிரப்போக்கிற்கு வேண்டிய துணிகள், கைத்தொலைபேசிக்கு மின்னூட்டுங் கம்பி ஆகிய இவை எல்லாத் தாயர்க்கும் பொது. இவற்றோடு அவளுக்கேயுரிய சிலவும் உள. கொள்வோரே பெற்றோரென்று பேற்றிற்கு முன்னரே நீதிமன்றம் அளித்த கட்டளையின் படி ஒன்று, காப்புறுதிப் பத்திரம், சட்டத்தரணியின் பெயரும் தொலைபேசி எண்ணும், பேற்றறையிலே யார் யார் நிற்பது, பிள்ளையை முதலில் யார் கையில் வாங்குவது, பிள்ளையின் அடையாளப் பட்டிகையோடு ஒத்த பட்டிகையை யார் யார் கையிற் கட்டுவது என்பவற்றை எழுதிய தாள். முலைப்பாலை எடுத்துக் கொடுக்க உடன்பட்டிருப்பாளாயின், அதனை எடுக்கும் பொறி. உடன்பட்டிலளாயின், கட்டிக்கொண்ட மார்பின் நோவைத் தணிக்கும் குளிர்ப்பொதி.

பையினுள் இல்லாதது யாது? பிள்ளைக்குரிய சட்டை இல்லை; தொப்பி இல்லை; போர்வை இல்லை. மோட்டார் வண்டியிலே சிசுவை இருத்திச் செல்லும் ஆசனமும் அவளிடம் இல்லை. இவையெல்லாம் கொள்வோர் கொண்டுவரும் மற்றொரு பையில் உள. ஆகவே, ஒரு பேற்றிற்கு இரண்டு பைகள் வருகின்றன. இங்கே பிணங்குவார் இருதிறத்தார்.

முதற்றிறத்தார் கூறுவது: பத்துத் திங்கள் சுமந்த பிள்ளைக்கு ஒரு சட்டைதானும் எடுத்துவையாத நெஞ்சம் வன்னெஞ்சம், தாய்மையை விற்றவள் அவள். இக்கூற்றுப் பொருந்தாது. என்னை? தொடக்கத்திலேயே பிறர்க்கென்று தாங்கியவள் ஈற்றிலே தனக்கென்று சட்டை வைப்பாளாயின், அதுவே சொற்பிறழ்தலாம். அவ்வெற்றிடம் அன்பின்மையைக் காட்டுவதன்று, வாய்மையைக் காட்டுவது. அன்றியும், இத்தொண்டிற் புகுவோர் பெரும்பாலும் முன்னரே தம் பிள்ளைகளைப் பெற்றோர். தம் பிள்ளைக்குப் பை கட்டுதல் எத்தகையதென்று அறிந்தே, இப்பையை வேறுவகையாகக் கட்டுகின்றனர். இங்கிலாந்திலே 34 சூற்றாய்மாரை வினவி 2003ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆராய்ச்சியொன்று, பேற்றின்பின் சில கிழமைகள் சிலர் வருந்தினரெனினும் அவ்வருத்தம் நாளடைவிற் குறைந்ததென்றும், பிள்ளையைக் கையளித்தமையாற் பெருந்துன்பம் உற்றாரிலரென்றும் கூறுகின்றது.

கிறித்தவ பாடசாலையிலே யாம் இளமையிற் படித்த சாலொமோன் அரசனுடைய தீர்ப்பும் இங்கே நினைக்கத்தக்கது. பிள்ளையை வாளாற் பிளக்கவென்றபோது, விட்டுக்கொடுக்க முன்வந்தவளே தாயென்று அவன் தெளிந்தான். விட்டுக்கொடுத்தல் தாய்மைக்கு மறுதலையன்றென்பது அக்கதையினாலும் போதரும்.

இரண்டாந்திறத்தார் கூறுவது இதற்கு நேர்மாறானது. அவள் அறிவுடையவள், மனமுவந்து உடன்பட்டாள், பேசிய பணம் கொடுக்கப்பட்டது, பிள்ளை கைமாறியவுடன் கணக்குத் தீர்ந்தது, பின்னர் யார்க்கும் யாதுங் கடனில்லை என்பர். இதுவே இக்காலத்தில் மிகுதியும் பரவுங் கொள்கையாதலின், இதனைச் சிறிது விரித்து ஆராய்வாம்.

பேற்றின்போது நஞ்சுக்கொடி வெளிப்பட்டவுடன், கருவைக் காத்துநின்ற சுரப்புநீர் தாயுடம்பிற் குறைகின்றது. அதுவரை தடைப்பட்டிருந்த பாற்சுரப்பு அதனாற் கிளர்ந்தெழுகின்றது. இரண்டாம் நாள் முதல் நாலாம் நாள் வரையிலே பால் நிறைந்து மார்பு கனக்கும். கருமுட்டை யாருடையது, நீதிமன்றக் கட்டளை யார் பெயரில் உள்ளது என்று உடம்பு வினவுவதில்லை. விரிந்த கருப்பை சுருங்கிப் பழைய நிலை எய்த ஏறக்குறைய ஆறு கிழமை செல்லும். உதிரப்போக்கும் நான்கு முதல் ஆறு கிழமை வரை நிகழும். ஆகவே, கொள்வோருடைய பை வீட்டிலே திறக்கப்பட்டு மகிழ்ச்சி பொங்கும் அந்நாளிலே, மற்றைப் பைக்குரியவள் தன் வீட்டிலே பால் கட்டி நோவுற்றிருப்பாள். ஒப்பந்தம் முடிந்தது, பேறு முடிந்திலது. கணக்குத் தீர்ந்ததென்பார் இதனை யாண்டு அடக்குவர்?

அற்றேல், கூலி வாங்கினவள் மேலும் நன்றிக்கு உரியளாவது எங்ஙனமெனின், ஆசிரியர்களாகிய நாம் நம்மையே நோக்கின் விடை கிடைக்கும். நாம் திங்கடோறுஞ் சம்பளம் பெறுகின்றோம். பெறுதல் குற்றமன்று, உண்ணாது கற்பித்தல் ஒருவர்க்கும் இயலாது. ஆயினும், சம்பளங் கொடுத்தமையால் மாணாக்கன் ஆசிரியனுக்குப் பட்ட கடன் தீர்ந்துவிட்டதென்று கூறுவார் உளரோ? சம்பளம் நமது நாழிகைக்கு விலை. நாம் ஊட்டிய அறிவிற்கு விலையன்று. பிறர் பெற்ற பிள்ளையை ஏற்று, நம்மாலியன்றவாறு வளர்த்து, ஆண்டு முடிவிலே பிறர் கையில் ஒப்புவித்து, நாம் வெறுங்கையோடு நிற்கின்றோம். அவன் நம்முடையவன் அல்லன் என்பதை முதல்நாளே அறிந்திருந்தும், அதுகொண்டு அவனிடத்து அன்பைக் குறைத்துக்கொள்வோமல்லோம். உடைமையின்றியும் அன்பு நிகழும். கூலி பெற்றவிடத்தும் கடன் எஞ்சும். இவ்விரண்டையும் ஆசிரியன் அறிந்த அளவு பிறர் அறிதல் அரிது. ஆதலின், சூற்றாயின் நிலையை உணர்தற்கு நம்மினுந் தக்கார் யாவர்?

நாட்டுச் சட்டங்களும் இவ்வினாவிற்கு வெவ்வேறு விடை தருகின்றன. கலிபோர்ணியாவிலே 2013 முதல் நடைமுறையிலுள்ள சட்டப்படி இருபாலார்க்கும் தனித்தனிச் சட்டத்தரணிகள் இருத்தல் வேண்டும். பெற்றோர் யாரென்பதை நீதிமன்றம் பேற்றிற்கு முன்னரே தீர்க்கலாம். அங்கே சட்டம் முன்னர்க் கொண்ட நோக்கத்தைப் பற்றிச் செல்கின்றது. இங்கிலாந்திலோ, 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி இவ்வொப்பந்தத்தை நீதிமன்றத்தின்வழி வற்புறுத்தி நிறைவேற்றல் இயலாது. 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி பெற்றவளே தாய். அவள் தன் உரிமையைக் கொள்வோர்க்கு விடுவதற்குத் தரும் உடன்பாடு, பேறு நிகழ்ந்து ஆறு கிழமை செல்லுமுன் தரப்படின் செல்லாது. ஆகவே, இங்கிலாந்துச் சூற்றாயின் பையிலே நீதிமன்றக் கட்டளை இராது. முன்னையது கொள்வோர்க்கு உறுதி தருகின்றது. பின்னையது ஈவாளுக்குக் காலந் தருகின்றது. உடம்பு தேறும் ஆறு கிழமையும் உடன்பாட்டிற்கு விட்ட ஆறு கிழமையும் ஒத்திருத்தல் நோக்கத்தக்கது.

இனி, மூன்றாவது ஒன்றுண்டு. அஃது எல்லாவற்றினும் வன்மையுடையது. பையைக் கட்டினவர் யாவர் என்பதே அது. இந்தியாவிலே 2000களில் அயல்நாட்டார் பலர் பணங்கொண்டு வந்து சூற்றாய்மாரைத் தேடினர். குசராத்திலுள்ள ஆனந்த் என்னும் நகர் இதனாற் பெயர்பெற்றது. வறிய மகளிர் சூற்காலம் முழுவதும் தம் கணவரையும் பிள்ளைகளையும் விட்டு, இதற்கென அமைந்த விடுதிகளிலே தங்கினர். உண்பதும் உறங்குவதும் பிறர் வகுத்தபடி. அவர்களுட் பலர் அப்பணத்தால் வீடு கட்டினர், பிள்ளைகளைப் படிப்பித்தனர் என்பதும் உண்மை. அதனை மறைத்தல் நேர்மையன்று. ஆயினும், மறுக்க வழியில்லாதவள் சொல்லும் 'ஆம்' என்பதை உடன்பாடென்று கொள்ளலாமோ? 2015ஆம் ஆண்டின் இறுதியில் அயல்நாட்டார்க்கு வாயில் அடைக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டுச் சட்டம், 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்து, கூலிக்குத் தாங்குதலை முற்றாக விலக்கிற்று. சூற்றாய்க்கு முப்பத்தாறு மாதக் காப்புறுதி வேண்டுமென்றும், ஒருத்தி தன் வாழ்நாளில் ஒருமுறையே தாங்கலாமென்றும் அது விதித்தது.

கூலியை நீக்கின் அறம் தானே நிலைபெறுமோவெனின், அதுவும் அன்று. பணம் வாங்காதவள் சுற்றத்தாரின் முகத்துக்கு அஞ்சி உடன்படுதலும் கூடும். கூலி பெறுபவள் முழுமனத்தோடு உவந்து தாங்குதலும் கூடும். ஆதலின், அளவுகோல் பணமன்று. அவள் 'மாட்டேன்' என்று சொல்லியிருப்பின் அவளுக்கு யாது நேர்ந்திருக்கும் என்பதே அளவுகோல். யாதுந் தீங்கு நேராதெனின், அவள் கட்டிய பை அவளுடைய பை. ஈகையும் அவளுடைய ஈகை. தீங்கு நேருமெனின், அப்பையைக் கட்டினவர் பிறர். அவள் அதனைச் சுமந்து சென்றாள், அவ்வளவே.

அங்ஙனம் மனமுவந்து ஈந்தாளுக்குக் கொள்வோர் செய்யுங் கைம்மாறு யாது? நம் புராண மரபு இரண்டு செய்திகளை நினைப்பூட்டுகின்றது. சரவணப் பொய்கையிலே முருகப்பெருமானுக்குப் பாலூட்டினார் கார்த்திகைப் பெண்கள் அறுவர். அவர்கள் சூல் தாங்கினாரல்லர். பிள்ளை உமாதேவியாரிடஞ் சேர்ந்தது. ஆயினும், ஊட்டினவர் பெயர் மறைக்கப்பட்டிலது. கார்த்திகேயன் என்று அவர் பெயராலேயே பிள்ளை அழைக்கப்பட்டது. கார்த்திகை நாளும் விரதத்துக்குரிய நாளாயிற்று. நற்றாய்க்கு அதனால் யாதுங் குறைவு நேர்ந்ததோ? இல்லை. திரிசிராப்பள்ளியிலே, தாய் வருதற்குக் காவிரி வெள்ளந் தடையாக, இறைவர் அத்தாயின் வடிவங்கொண்டு வந்து இரத்தினாவதிக்குப் பேறு பார்த்தமையால் தாயுமானவர் எனப் பெயர்கொண்டார். பேற்றிலே முதற்கண் பேணத்தக்கவள் பெறுகின்றவளே என்பது இதனால் விளங்கும்.

ஆகவே, கொள்வோர் செய்யத்தக்கன இரண்டு. ஒன்று, தமது பையிலே பிள்ளைக்கு மட்டுமன்றிப் பெற்றவளுக்கும் இடம் வைத்தல். அஃதாவது, அவள் உடம்பு தேறும் ஆறு கிழமையும் உணவு, மருந்து, துணை ஆகியவற்றைத் தம் கடனாகக் கொள்ளுதல். மற்றொன்று, பிள்ளை அறியும் பருவத்து அவளைப் பற்றி ஒளியாது கூறுதல். நன்றியின்பாற்பட்ட இக்கடனைப் பணத்தினாற் கழித்தல் இயலாது. நினைவினாலேயே செலுத்தல் வேண்டும்.

நமக்கும் ஒரு கடன் உண்டு. இம்முறையாற் பிறந்த பிள்ளைகள் எந்நாட்டு வகுப்பறையிலும் நம்முன் வந்திருத்தல் கூடும். பத்திரிகையில் வந்த சொல்லையே நாம் கரும்பலகையில் எழுதுவோமாயின், அப்பிள்ளை தன்னைச் சுமந்தவளை வாடகைப் பொருளாக எண்ணக் கற்கும். அருகிலிருக்கும் பிள்ளைகள் எள்ளக் கற்பர். மாணாக்கர் வினவின், உன்னை விரும்பினவர் ஒருவர், உன்னைத் தாங்கினவர் ஒருவர், இருவருக்கும் நீ கடன்பட்டாய் என்று சொல்லுதலே முறை. அது பொய்யன்று, பிள்ளையின் செவிக்குக் கடினமுமன்று. சொல்லைத் திருத்துதல் ஆசிரியன் கையிலுள்ளது. அதனையேனும் நாம் தாழாது செய்வோமாக.